ஏழாம் வங்கு

ஊருக்கு ஒரேயடியாகக் கிளம்பிய போலந்துக்காரன்
வாசலில் பரப்பிவைத்த சாமான்களில்
இஸ்திரிப்பெட்டி பார்க்கத்தான் போனேன்.
அது மூன்று தினார்.
ஒரு தினாருக்கு இந்த அட்டைப்பெட்டி இருந்தது.
மூடியில் பாய் விரித்த கப்பல்.
உள்ளே குச்சிகள்.

விளக்கத்தாள் இத்தாலியில்.
படம் மட்டும் எனக்கு.
தர்மபுரிக்காரன் நான்,
கடலை முதலில் பார்த்ததே
விமான ஜன்னல் வழியாக.
இப்போது ஹித் உலர்துறையில்
எண்ணெய்க் கப்பல்களைச் சுற்றிக் கட்டிய சாரங்களில் ஏறிப் பார்த்து
சரியென்றால் பச்சை அட்டை,
இல்லையென்றால் சிவப்பு.
ஒன்பது வருஷத்தில்
ஒரு தளர்ந்த போல்ட்டுக்கும் நான் இரங்கியதில்லை.

ஏராவின் மேல் பதினொரு வங்குகள் நிற்கவேண்டும்.
வங்கு, ஏரா என்ற சொற்கள்
கீழ்க்கட்டில் ஜெப்ரின் கொடுத்தவை. குளச்சல்காரன்.
அதற்குமேல் எதுவும் கொடுக்கவில்லை.
‘வள்ளம் வேண்டாமுன்னுதானே ஏசி மெக்கானிக் ஆனேன்,
நீ ரூமுக்குள்ளயும் கொண்டு வாறியா’
என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எண்ணினேன். பத்து.
விளக்கைப் போட்டு எண்ணினேன். பத்து.
ஏழாவது இல்லை.
போலந்துக்காரனை அழைத்தால்
ஒரு பெண்குரல், அரபியில்,
அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

பழக்கடையில் கேட்டு வாங்கிய மாதுளைப் பெட்டியின் பலகையில்
ஆறையும் எட்டையும் வைத்து
நடுவாந்தரமாக ஒன்றை வரைந்து அறுத்தேன்.
மொசரப்பின் நகவெட்டியில் இருக்கும் குட்டி அரத்தால் ராவினேன்.
கப்பலின் வயிற்றுக்குள்
பாதி மாதுளம்பழம்
சிவப்பு மையில் நிற்கிறது.

பலகையை வளைப்பது அடுத்த பாடு.
நான்கு மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை கனம்.
படத்தில் ஒரு கிண்ணம், ஒரு கடிகாரம்.
கடிகாரத்துக்கு முள் இல்லை.
ரைஸ் குக்கரில் போட்டு எடுத்தேன்.
அன்றிரவு எல்லோரும் வால்நட் மர வாசனையில் சோறு தின்றோம்.
மொசரப் மட்டும்
இன்னொரு கரண்டி கேட்டான்.

முதல் பலகை அணியத்தில் முறிந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது படிந்தது.
துணிக்கிளிப்புகள் பதினாறு
ராத்திரி முழுக்கக் கடித்துப் பிடித்திருந்தன.
ஜெப்ரினின் பனியன்கள்
யாருடையதோ காரின் கூரையில் விடிந்தன.
கிளிப்பை எடுத்தேன்.
பலகை தன் பழைய நேர்மைக்குத் திரும்பியது.

பிறகு பசை.
ஒரு துளி போதும் என்று கடைக்காரன் சொன்னது
மூன்றாவது துளி விழுந்தபின் ஞாபகம் வந்தது.
ஆள்காட்டி விரலும் மரமும் ஒன்று.
அசிட்டோன், வெந்நீர், தேங்காயெண்ணெய்.
விரல் வந்தது, ரேகை வரவில்லை.
ஐந்தே முக்காலுக்கு வாசல் இயந்திரத்தில் அழுத்த
நான் யாருமில்லை என்றது.
டைம்கீப்பர் ஃபவ்ஸி என் முகத்தைப் பார்த்தார்,
திரையைப் பார்த்தார்,
திரையை நம்பினார்.
அரைநாள் சம்பளம் போயிற்று.

அந்த அரைநாளில்தான்
கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த கப்பலை
சாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன்.
அணியத்துக்குக் கீழே, தண்ணீர் மறைக்கும் இடத்தில்,
ஒரு தகடு லேசாக நெளிந்திருந்தது.
எந்தத் துறைமுகத்திலோ
எவனோ ஒருவன்
சாப்பாட்டு மணிக்கு முன்
‘போதும்’ என்று விட்டிருக்கிறான்.

நோன்பு மாதம் முடிவதற்குள்
இடப்பக்கம் பதின்மூன்று பலகை ஏற்றினேன், வலப்பக்கம் பதினொன்று.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி
ஏற்றவேண்டுமாம், தெரியாது.
ஏராவே முறுக்கிக்கொண்டது.
மேஜையில் வைத்தால்
ஏதோ ரகசியம் கேட்பதுபோல் சாய்கிறது.

பையிலிருந்து சிவப்பு அட்டை எடுத்தேன்.
தேதி, காரணம், கையெழுத்து.
பாய்மரத் துளையில் தீக்குச்சி நட்டுத் தொங்கவிட்டேன்.
‘ஏறாதே’ என்று நான்கு மொழியில் சொல்லும் அட்டை.
யார் ஏறப்போகிறார்கள்.

நான்காம் நாள் தளத்தில் அட்டை தீர்ந்துவிட்டது.
எழுத்தை அசிட்டோனால் துடைத்து
இதையே எடுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது
ஜெப்ரின் குப்புறப் படுத்து, தலையை மட்டும் தொங்கவிட்டு
கப்பலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
‘வலத்தே ரெண்டு பலகை கடன் நிக்குது.’
அவ்வளவுதான் சொன்னான்.

குக்கரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
சோற்றுக்கா என்று
நான் கேட்கவில்லை.